விரிசலைப் பார்த்தவர்கள்

அன்புள்ள அக்கா,

உலகமயமாக்கலும் தொழிலாளர்களும் என்ற தலைப்பில் எம்.ஏ. கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க நான் போட்டிருக்கும் சட்டையே உறுத்துகிறது. மலிவான பிராண்டுகளை வாங்காமல் விட்டால் ஏதாவது மாறுமா? இன்னொரு பக்கம், இந்தத் தையல் ஆலைகள் இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்கு வேலையே கிடைத்திருக்காது என்றும் தோன்றுகிறது. ஆலைகளின் நிலைமையை நேரில் வந்து பார்க்கும் சர்வதேசத் தணிக்கை, சான்றிதழ்கள் எல்லாம் வந்துவிட்டன, நிலைமை மெல்லச் சரியாகிவிடும் என்கிறார் என் பேராசிரியர். தையலையும் இயந்திரங்களே செய்ய ஆரம்பித்தால் இந்தக் கேள்விகளுக்கே அர்த்தமில்லாமல் போகுமோ?

க.

அன்புள்ள க.,

எல்லாக் கடிதங்களுக்கும் என்னால் பதில் எழுத முடிவதில்லை. உங்களுடையதில் 'சான்றிதழ்கள் எல்லாம் வந்துவிட்டன' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

சட்டை உறுத்துகிறது என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதம் உங்கள் மனசாட்சியில் தொடங்கி அதைச் சுற்றியே வருகிறது. அதைத் தைத்தவர்கள் 'அந்தப் பெண்கள்' என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறார்கள், அதுவும் யாரோ போட்ட வேலையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்களாக. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே உங்களுக்குத் தோன்றவில்லையா?

வேலை கிடைத்தது உண்மைதான். வங்கதேசத்தில் லட்சக்கணக்கான பெண்கள் முதல்முறையாகச் சம்பளம் என்று கையில் வாங்கியது இந்த ஆலைகளில்தான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வந்த வேலை எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காவில் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு 2019இல் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர். அதற்கும் பெண்கள் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்டின் வடக்கே டிக்ரேயில் போர் மூண்டது, அதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2022 ஜனவரியில் அந்த நாட்டுக்குக் கொடுத்திருந்த வரிச்சலுகையை நிறுத்தியது, பலருக்கு வேலை போயிற்று. அந்தப் போருக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கும் என்ன சம்பந்தம்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தைத்து முடித்துப் பெட்டியில் அடுக்கிவிட்ட சரக்குக்கே பணம் தரமாட்டோம் என்று கைவிரித்த பிராண்டுகளும் உண்டு.

இயந்திரங்கள் பற்றி இன்னொரு நாள் பேசலாம். துணி வழுக்கும், சுருங்கும், அதை இழுத்துப் பிடித்துத் தைக்க இன்றும் கைதான் வேண்டியிருக்கிறது.

உங்கள் பேராசிரியர் சொல்லும் தணிக்கைக்கு வருகிறேன். இளவயதில் கொஞ்ச காலம் மொழிபெயர்த்துப் பிழைத்தவள் நான். அப்படி ஒரு தணிக்கைக் குழுவோடு ஏற்றுமதித் தையல் ஆலை ஒன்றுக்குப் போனேன். தரையெல்லாம் பஞ்சுத் தூசு. அவசர வழிக் கதவுக்கு முன்னால் மட்டும் நீள்சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. அன்று காலைவரை அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியும். தணிக்கையாளர் கதவைத் தள்ளிப் பார்த்தார், திறந்தது, தாளில் டிக் போட்டார். அப்புறம் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பிசிறு வெட்டும் ஒரு பெண், நான் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள், "எட்டு மணி நேரம்தான், ஓவர்டைம் இஷ்டப்பட்டால் மட்டும்" என்றாள். நான் கேட்க வந்தது கழிப்பறையைப் பற்றி. பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற சூப்பர்வைசரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலும் தாளில் ஏறியது. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாங்கள் சாயங்காலம் கிளம்பிவிடுவோம், மறுநாள் அதே சூப்பர்வைசரிடம் வேலை பார்க்க வேண்டியவள் அவள்தானே.

கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆலை. 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அதற்கு தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று சொல்லும் எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தீ தானாகப் பிடிக்கவில்லை, வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரி. ஜன்னல்களுக்குக் கம்பி போட்டது யார்? வெளியேறும் கதவுகளைப் பூட்டி வைத்தது யார்? அந்தக் கம்பியைத் தாண்டித்தானே சான்றிதழ் உள்ளே போனது! நியூயார்க்கில் 1911இல் டிரையாங்கிள் ஆலை எரிந்து 146 பேர் செத்ததும் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான். நூறு வருஷம் கழித்து அதே பூட்டு.

ராணா பிளாசாவைப் பற்றி உங்கள் கட்டுரையில் கட்டாயம் எழுதியிருப்பீர்கள். 2013 ஏப்ரல் 24, டாக்காவை அடுத்த சவாரில் அந்தக் கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று எழுதினீர்களா? 23ஆம் தேதியே சுவர்களில் விரிசல் கண்டுவிட்டது. கட்டடத்தைக் காலிசெய்தார்கள். கீழ்த்தளங்களில் ஒரு வங்கிக் கிளையும் கடைகளும் இருந்தன. வங்கி தன் ஊழியர்களை மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த தையல் ஆலைகளின் ஆட்களும் அதே விரிசலைப் பார்த்தவர்கள்தான், அவர்களுக்கும் பயமாகத்தான் இருந்தது, மறுநாள் காலையில் வாசலில் நின்று உள்ளே போக மாட்டோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். போகாவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடைக்காது என்று மேலாளர்கள் மிரட்டினார்கள். போனார்கள். மின்சாரம் நின்றது, மேல்தளத்து ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன, ஒன்பது மணிக்கு முன்பே எட்டு மாடியும் சரிந்தது.

அந்த ஆலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது, தம்பி. சங்கம்தான் ஒன்றில்கூட இல்லை.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அலுத்தாலும் கேளுங்கள். அந்தக் கட்டடம் ஆபத்தானது என்று கண்டுபிடிக்க வெளியிலிருந்து எந்த நிபுணரும் வரவேண்டியிருக்கவில்லை. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கே தெரியும். 'இன்றைக்கு ஏற மாட்டோம்' என்று அத்தனை பேரும் சேர்ந்து சொல்லிவிட்டு, சம்பளம் போகாமல் வீட்டுக்குத் திரும்பும் பலம்தான் அவர்களிடம் இல்லை. அந்தப் பலத்தை எந்தத் தணிக்கை கொடுக்கும்? பிராண்டே காசு கொடுத்து, அல்லது ஆலை முதலாளியே காசு கொடுத்து, ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிற தணிக்கையா?

மாற்றம் வரவே இல்லை என்று சொல்லவில்லை. 2013 மே மாதம் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் வங்கதேச ஆலைகளுக்காகப் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் வேறு ரகம். இருநூறு பிராண்டுகளுக்கு மேல் கையெழுத்துப் போட்டன, பரிசோதனை அறிக்கைகள் ஆலை ஆலையாகப் பொதுவில் வந்தன. முக்கியமாக இரண்டு விஷயங்கள்: ஆபத்து என்று தெரிந்தால் வேலை செய்ய மறுக்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருந்தது, சொன்ன சொல் தவறும் பிராண்டை நடுவர் மன்றத்துக்கு இழுக்கவும் முடிந்தது. இழுத்தும் காட்டினார்கள். 2018 ஜனவரியில் ஒரு பிராண்ட் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பிராண்டின் நல்லெண்ணத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்குமா?

அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2023 இறுதியில் அங்கே தொழிலாளர்கள் குறைந்தபட்சச் சம்பளமாக மாதம் 23,000 டாக்கா (அந்த நாட்டு நாணயம்) கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். போராட்டத்தில் உயிர்ப்பலியும் ஆனது. கிடைத்தது 12,500. நியாயமான சம்பளம் பற்றி இணையதளத்தில் அழகழகாக எழுதி வைத்திருக்கும் பிராண்டுகள் அந்த நேரத்தில் ஒரு சட்டைக்கு எவ்வளவு கூடுதலாகத் தர முன்வந்தன என்று தேடிப் பாருங்கள், உங்கள் கட்டுரைக்கு நல்ல அத்தியாயம் கிடைக்கும்.

நீங்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. சட்டையை வாங்குங்கள், கிழியும் வரை போடுங்கள். நீங்கள் ஒருவர் வாங்காமல் விட்டால் அது பிராண்டின் கணக்குக்கே எட்டாது, எல்லோரும் சேர்ந்து விட்டாலோ முதலில் வீட்டுக்குப் போவது பிசிறு வெட்டுகிற அந்தப் பெண்தான். நீங்கள் வாங்கும் பிராண்ட், அந்த ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக 2021இல் வந்த சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள், பட்டியல் வெளிப்படையாகவே இருக்கிறது. இல்லையென்றால் ஏன் என்று கேட்டு அவர்களுக்கு எழுதுங்கள். எனக்கு எழுதிய அளவுக்கு நீளமாக எழுதினாலே போதும்.

சான்றிதழ் பற்றிய பகுதியைத் திருத்தி எழுதியதும் கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு மறுபடியும் திட்டுவேன், அதற்கும் தயாராக இருங்கள்.

அன்புடன்,
அக்கா