சிறு செயலித் தொழில்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மதுரையில் இருந்துகொண்டு, பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல், சிறிய செயலிகள் செய்து விற்றுப் பிழைக்கிறேன். கடைக் கணக்கு, நாட்காட்டி, பால் கணக்கு போன்றவைதான் என் சரக்கு. செயலி வெளியிடுவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் திருநெல்வேலியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தொடங்குவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?

கூகுள் ப்ளே ஸ்டோரில் டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். அதோடு ஆப்பிள் செயலியைக் கட்டமைக்க மேக் கணினியும் தேவை. உங்கள் நிலையில் இருப்பவர் ஆண்ட்ராய்டில் தொடங்குவதே சரி. மிச்சப்படும் பணத்தில் 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய போன் ஒன்றை வாங்கி, செயலியை முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் பலரின் கையில் இருப்பது அதுதான். அதில் தடுமாறும் செயலியை அவர்கள் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள்.

எந்தச் செயலி செய்தால் ஓடும், ஐயா? (ஈரோடு)

மக்கள் இன்னும் நோட்டில் எழுதிக் கணக்குப் பார்க்கும் வேலை எது என்று தேடுங்கள். உங்கள் பக்கம் விசைத்தறிக் கூலிக் கணக்கு இருக்கிறது. தறிக்கு எத்தனை மீட்டர் ஓடியது, முன்பணம் எவ்வளவு, வாரக் கடைசியில் கையில் தர வேண்டியது எவ்வளவு என்பதைச் சனிக்கிழமை மாலையில் ஒருவர் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருப்பார். பால் கொள்முதல் நிலையத்தில் லிட்டரோடு கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து விலை போடுவார்கள். பூ மண்டியில் காலை விலை வேறு, பத்து மணி விலை வேறு. இந்த வேலைகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன விதிகள் வெளியாளுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கும் உங்களுக்குத் தெரியும். பெங்களூரில் முந்நூறு பேர் வைத்திருக்கும் நிறுவனம் உங்களோடு போட்டி போட முடியாத இடம் அதுதான்.

டார்ச் விளக்கு, க்யூஆர் ஸ்கேனர், வால்பேப்பர் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பாதி வேலையைப் போனே செய்துவிடுகிறது.

12 பேர் 14 நாள் சோதித்தால்தான் செயலியை வெளியிட முடியும் என்கிறார்கள். சோதனையாளர்களைப் பணத்துக்கு ஏற்பாடு செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாமா? (கரூர்)

வாங்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

விதி இதுதான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், முதலில் க்ளோஸ்டு டெஸ்டிங், அதாவது நீங்கள் சேர்க்கும் சிலருக்கு மட்டும் செயலியைத் தந்து பார்க்கும் சோதனை, நடத்த வேண்டும். தொடக்கத்தில் 20 பேர் வேண்டும் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். பணத்துக்கு வந்தவர்கள் நிறுவிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது, விண்ணப்பம் திரும்பி வரும்.

அதைவிடப் பெரிய இழப்பு வேறு. தறிக் கணக்குச் செயலி செய்கிறீர்கள், ஆனால் அதைப் பதினான்கு நாள் பயன்படுத்தப் பன்னிரண்டு தறிக்காரர்கள் கிடைக்கவில்லை என்றால், அந்தச் செயலிக்குச் சந்தை இருக்கிறது என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? ஆகவே வரிசையை மாற்றுங்கள். நிரல் எழுதுவதற்கு முன்பே அந்தப் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள், நோட்டைப் பாருங்கள், செயலி வந்தால் போட்டுப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். இருபது பேரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. நடுவில் சிலர் போனை மாற்றுவார்கள், சிலர் சோதனையிலிருந்து விலகிவிடுவார்கள்.

அவர்கள் ஜிமெயில் முகவரியை உங்கள் பட்டியலில் சேர்த்தால் மட்டும் கணக்கில் வராது. நீங்கள் அனுப்பும் இணைப்பைத் திறந்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒரு தட்டலுக்கு நேரில் போய் உட்கார வேண்டியிருக்கும். போங்கள். உங்கள் செயலியை ஒருவர் முதன்முதலில் திறந்து எங்கே விரல் தயங்குகிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு ஈடான பாடம் வேறில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், இரண்டு குழந்தைகள். கணக்குத் திறந்தால் என் வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரியுமா, சார்? (தஞ்சாவூர்)

நியாயமான கவலை. தனிநபர் கணக்கில் இலவசச் செயலி மட்டும் வைத்திருந்தால் உங்கள் சட்டப்பூர்வப் பெயரும், நாடும், மின்னஞ்சலும் தெரியும். செயலி வழியாகப் பணம் ஈட்டத் தொடங்கினால் முழு முகவரியும் ப்ளே ஸ்டோர் பக்கத்தில் வரும். நிறுவனக் கணக்கில் முகவரியோடு தொலைபேசி எண்ணும் வரும்.

வீட்டு முகவரி வேண்டாம் என்றால், முறைப்படி ஒரு தொழில் முகவரி எடுத்து நிறுவனக் கணக்காகத் திறக்கலாம். அதற்கு டி-யு-என்-எஸ் எண் (நிறுவனங்களை அடையாளம் காட்டும் எண்) வேண்டும். அது இலவசம்தான், கைக்கு வர ஒரு மாதம் வரை ஆகலாம். இடைத்தரகர் யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நிறுவனக் கணக்குக்கு 12 பேர் சோதனைக் கட்டாயம் இல்லை என்றாலும், மேலே சொன்ன காரணத்துக்காக நீங்களாகவே அதை நடத்துங்கள்.

திருக்குறள் செயலி செய்திருக்கிறேன். உரையும் போட்டிருக்கிறேன், பின்னணியில் ஒரு பாட்டும். சிக்கல் வருமா? (சேலம்)

குறள் 1330-உம் எல்லோருக்கும் சொந்தம். பரிமேலழகர் உரையும் அப்படியே. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் எழுதிய உரை என்றால் நின்று யோசிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. இணையத்தில் பத்து தளங்களில் கிடைக்கிறது என்பது உரிமை ஆகாது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். உரையாசிரியர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதுங்கள், அல்லது எளிய உரையை நீங்களே எழுதுங்கள். தமிழாசிரியர் ஒருவரைத் திருத்தச் சொல்லி, அவருக்கு உரிய தொகையும் கொடுங்கள்.

பாட்டை எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. உரிமையாளர் ஒரு புகார் கொடுத்தால் செயலி இறங்கிவிடும், கணக்கிலும் கரும்புள்ளி விழும்.

எழுத்துரு விஷயத்தில் நமக்கு நல்ல காலம். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. செயலிக்குள்ளேயே வைத்து விற்கலாம். பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்து முறைகளில் இருக்கும் கோப்புகளிலிருந்து உரையை எடுத்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றியபின் வரிவரியாகப் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். திருக்குறளில் எழுத்துப்பிழை விடுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

செயலியின் பெயரைத் தமிழில் வைத்தால் தேடலில் வருமா? (பொள்ளாச்சி)

வரும். ஆனால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ப்ளே ஸ்டோரில் தலைப்புக்கு 30 எழுத்துகள், குறு விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4000. கணினி எண்ணுவது நம் கண் எண்ணுவதைப் போல இல்லை. ‘திருக்குறள்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் பதினொன்று. ‘தமிழ் நாட்காட்டி’ என்று எழுதினாலே பாதி இடம் போய்விடும்.

நம்மவர்கள் பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள். ஆகவே தமிழுக்கென்றும் ஆங்கிலத்துக்கென்றும் இரண்டு ப்ளே ஸ்டோர் பக்கங்களை அமையுங்கள். கடைக்காரர் வாயில் வரும் சொல்லே தலைப்பில் இருக்கட்டும். ‘வரவு செலவு’ என்று தேடுகிறவர் ‘நிதி மேலாண்மை’ என்று தேட மாட்டார்.

பெயர் முடிவானதும், அதே பெயரில் வேறு யாராவது வணிகக் குறி பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு. தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய். இன்னொன்று: பேக்கேஜ் பெயரை, அதாவது செயலியை ஸ்டோர் அடையாளம் காணும் உள்பெயரை, வெளியிட்டபின் மாற்றவே முடியாது. சோதனைக்காக வாய்க்கு வந்ததை வைத்துவிட்டு அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.

நாட்காட்டிச் செயலி ஒன்றை வெளிநாட்டுத் தமிழருக்கும் சேர்த்துச் செய்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (யாழ்ப்பாணம்)

ராகு காலம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று அச்சுக் காலண்டர் சொல்வது, சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைகிறது என்ற கணக்கில். பகலை எட்டாகப் பிரிப்பதுதான் முறை. கோடையில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும் டொராண்டோவில் அந்த நேரத்தை அப்படியே காட்டினால் தவறு. பயனர் ஊரின் உதயம், மறைவை எடுத்துக் கணக்கிடுங்கள். கோடை நேர மாற்றத்தையும் சோதியுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதை முதல் திரையிலேயே கேட்டுவிடுங்கள். இதில் குடும்பத்துக்குக் குடும்பம் பிடிமானம் உண்டு, நீங்களாக ஒன்றை முடிவு செய்யக் கூடாது.

விளம்பரமா, சந்தாவா? (திருப்பூர்)

நாள்தோறும் ஒரு நிமிடம் திறந்து மூடும் செயலிக்கு விளம்பரம். தொழிலுக்குப் பயன்படும் செயலிக்குச் சந்தா. கூலி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர் முன்னால் திரை முழுக்க விளம்பரத்தை நிறுத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

சந்தாவில் கூகுளின் பங்கு 15 சதவீதம். ஒருமுறை விற்பனைக்கும், ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் வரை, 2021 ஜூலை முதல் அதே 15 சதவீத ஏற்பாடு இருக்கிறது, ஆனால் நீங்கள் அதில் பதிந்துகொள்ள வேண்டும். ஆப்பிளின் சிறுதொழில் திட்டமும் அவ்வாறே. ப்ளே ஸ்டோரில் யுபிஐ வழியாகக் கட்டலாம் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். கார்டு இல்லையே என்று தயங்குகிறவர்கள் அதன் பிறகு கட்டுகிறார்கள்.

கூகுளின் விளம்பரச் சேவையான அட்மாப் என்றால், 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தத் தபாலில் ஒரு பின் எண் வரும். கிராமத்து முகவரி என்றால் அஞ்சல்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள், சாதாரணக் கடிதம்தானே என்று எங்கேயாவது தங்கிவிடும். 100 டாலர் எட்டிய பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். நிரல் எழுதும் காலத்தில் சோதனை விளம்பரங்களை மட்டும் காட்டுங்கள். சொந்த விளம்பரத்தைத் தானே தட்டுவதும், சித்தப்பா மகனைத் தட்டச் சொல்வதும் கணக்கை முடக்கும்.

வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துச் செலவைத் தானே பதியும் செயலி செய்யலாமா? (சென்னை)

செய்யலாம், ஆனால் குறுஞ்செய்தி அனுமதியைக் கூகுள் 2019 முதல் இறுக்கிவிட்டது. பணக் கணக்குச் செயலிகளுக்கு விலக்கு உண்டு, அதற்கான படிவத்தில் காரணம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். குறுஞ்செய்தியைப் போனிலேயே படித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள், உங்கள் சர்வருக்குக் கொண்டுபோகாதீர்கள். எதை எடுக்கிறீர்கள் என்பதை ப்ளே ஸ்டோரின் தரவுப் பாதுகாப்புப் பகுதியிலும் தனியுரிமைக் கொள்கையிலும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பயனர் கணக்குத் திறக்கும் வசதி வைத்தால், அதை அழிக்கும் வசதியும் செயலிக்குள் இருந்தாக வேண்டும், வெளியே ஓர் இணைய இணைப்பாகவும் தர வேண்டும்.

என் டெவலப்பர் கணக்கை மாத வாடகைக்குக் கேட்கிறார்கள். சும்மாதானே கிடக்கிறது, கொடுக்கட்டுமா? (விருதுநகர்)

கொடுக்கவே கூடாது. கேட்பவர்கள் பெரும்பாலும் முன்பே கணக்கு முடக்கப்பட்டவர்கள். அவர்கள் ஏற்றும் செயலிக்கு உங்கள் பெயர், உங்கள் அடையாள அட்டை. முடக்கப்பட்டவரோடு தொடர்புடைய கணக்கு என்று தெரிந்தால் உங்களுடையதும் போகும், பிறகு புதிதாகத் திறப்பதையும் தடுப்பார்கள். போலிக் கடன் செயலி ஒன்று உங்கள் பெயரில் ஏறி, அதில் ஒரு குடும்பம் சிக்கினால் போலீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

மடிக்கணினி பழுதாகிவிட்டது. கையொப்பச் சாவிக் கோப்பும் போய்விட்டது. செயலி அவ்வளவுதானா? (நாகர்கோவில்)

பயப்படாதீர்கள். 2021 ஆகஸ்டுக்குப் பின் ஏற்றிய புதுச் செயலி என்றால், செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் உண்மையான சாவி கூகுளிடம் இருக்கிறது. உங்களிடம் இருந்தது பதிவேற்றச் சாவி மட்டும். கணக்கின் உரிமையாளராக உள்நுழைந்து, ப்ளே கன்சோலில் (செயலிகளை நிர்வகிக்கும் கூகுள் தளம்) அதை மாற்றித் தரும்படி விண்ணப்பியுங்கள். புதியதைப் பென் டிரைவில் ஒரு பிரதி, வேறிடத்தில் ஒரு பிரதி என்று வையுங்கள். கடவுச்சொல்லையும் எழுதி வையுங்கள்.

ஜிஎஸ்டி? (கோவை)

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் என்பது பொது வரம்பு. ஆனால் உள்ளூர் விற்பனை, வெளிநாட்டு விளம்பர வரவு இரண்டும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. முதல் ரூபாய் வரும்போதே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு போங்கள், அவர் வேலை பாதியாகும்.

ஒரு செயலியை இனிக் கவனிக்க நேரமில்லை. அப்படியே விட்டுவிடலாமா? (புதுச்சேரி)

விட்டால் தானாகவே மங்கும். புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப, செயலி எந்தப் பதிப்புக்கானது என்று குறிக்கும் இலக்கு நிலையை ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதிக்குள் உயர்த்தச் சொல்வார்கள். செய்யாவிட்டால் புதுப் போன் வைத்திருப்பவர்களுக்குத் தேடலில் அது தெரியாது. ஆண்டுக்கு ஒரு வாரம் ஒதுக்க முடிந்தால் வைத்திருங்கள். முடியாதென்றால் முதலில் புதிய சந்தா வாங்குவதை நிறுத்துங்கள், இருக்கும் சந்தாக்களை ரத்து செய்யுங்கள். தரவை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளும் பொத்தான் ஒன்றைக் கடைசி அப்டேட்டில் கொடுத்து, எந்தத் தேதியோடு நிறுத்துகிறீர்கள் என்று செயலிக்குள்ளேயே அறிவியுங்கள். அதன் பிறகு வெளியீட்டை நீக்குங்கள். நீக்கினாலும் ஏற்கெனவே நிறுவியவர்கள் போனில் செயலி இருக்கும், அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கும். அவற்றுக்குச் சில மாதங்களாவது பதில் எழுதுங்கள்.