ஊர் கூடித் தீட்டும் சுவர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளி, குடியிருப்பு, சந்தை என்று பல இடங்களில் ஊர்மக்களோடு சேர்ந்து 16 ஆண்டுகளாகச் சுவரோவியம் தீட்டி வருகிறேன். தங்கள் பகுதியில் பொதுமக்களை அழைத்து ஓவியம் தீட்ட நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர்: அக்கா, 200 வீடுகளுக்கு நோட்டீஸ் போட்டோம். வந்தவர்கள் ஒன்பது பேர். மக்களுக்கு ஆர்வமே இல்லையா?

ஆர்வம் இருக்கிறது தம்பி, கூச்சம்தான் தடுக்கிறது. ‘எனக்கு வரையத் தெரியாதே’ என்று நினைத்துக்கொண்டு நோட்டீஸை மடித்து வைத்துவிடுகிறார்கள். ‘அனைவரும் வருக’ என்பது யாரையும் அழைத்ததாகாது. கல்யாணத்துக்கு வீட்டுப் படியேறித்தானே அழைக்கிறோம்? இதற்கும் அப்படித்தான் போக வேண்டும்.

மார்கழியில் தெருக்கோலத்தைப் பாருங்கள். கைதேர்ந்த ஒருத்தி புள்ளி வைத்து இழுத்துவிட்டால், பக்கத்து வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வண்ணப்பொடியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவரவருக்கு நிரப்ப ஓர் இதழ் இருக்கிறது, அவ்வளவுதான். தையல் கடைக்காரரிடம் “எங்கள் ஓவிய நிகழ்ச்சிக்கு வாருங்கள்” என்று சொல்லாதீர்கள். “உங்கள் கடைக்கு எதிரே இருக்கும் மூன்று வாழையிலைகள் உங்களுடையவை. சனிக்கிழமை காலை 7 மணிக்கு வாருங்கள், அரை மணி நேரம் போதும், தூரிகை நாங்கள் தருகிறோம்” என்று சொல்லுங்கள். வருவார்.

திண்டுக்கல், பள்ளி ஆசிரியை: 300 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிக் குழப்பமில்லாமல் தீட்டுவது?

முதல் நாளே படத்தைக் கட்டம் போட்டுச் சுவருக்கு மாற்றி, கோடுகளை முடித்துவிடுங்கள். கொத்தனார் நூலடிப்பது போல வண்ணப்பொடி தோய்த்த நூலால் கட்டம் அடித்தால் நேராக விழும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் சாக்பீஸால் ஓர் எண். அதே எண் வண்ண வாளியிலும் இருக்கட்டும். ஒரு வண்ணத்துக்குத் தேவையான மொத்த அளவையும் ஒரே தடவையில் கலக்குங்கள். மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. வெளிச்சுவர் எமல்ஷன் 1 லிட்டர், இரண்டு பூச்சுக்குச் சுமாராக 50 முதல் 60 சதுர அடி வரும்.

பிள்ளைகள் கையில் வாளியைக் கொடுக்காதீர்கள். நான் கொட்டாங்கச்சியில்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். ஒரு மீனுக்கோ ஓர் இலைக்கோ போதுமான வண்ணம் அதில் பிடிக்கும். கவிழ்ந்தாலும் நஷ்டம் சிறிது. ஒரு நேரத்தில் 20 பிள்ளைகளுக்கு மேல் சுவரருகே வேண்டாம்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984 முதல் நடந்துவரும் சுவரோவியத் திட்டத்தில் வேறொரு வழி உண்டு. படத்தை 5 அடிச் சதுரங்களாகப் பிரித்து, மெல்லிய பாராசூட் துணியில் எண்ணிட்டு வரைந்துவிடுகிறார்கள். பள்ளியிலும் சிறையிலும் மேசைமேல் விரித்து அதற்கு வண்ணம் தீட்டுகிறார்கள். பிறகு சுவரில் ஒட்டுகிறார்கள். சாரத்தில் ஏற முடியாதவரின் கைவண்ணம்கூட மூன்றாம் மாடி உயரத்தில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

கோவை, ஓவிய மாணவர்: பொதுமக்கள் கோட்டைத் தாண்டித் தீட்டிவிடுகிறார்கள். பிறகு நாங்கள் திருத்தலாமா?

என் முதல் சுவரில் நானும் அதைத்தான் செய்தேன். எல்லோரும் போன பின், விளக்கு வைத்துக்கொண்டு இரவெல்லாம் திருத்தினோம். மறுநாள் ஒரு சிறுவன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, சுவரில் மேலும் கீழும் தேடினான். “என் மீனைக் காணோம்” என்றான். மஞ்சள் மீனுக்கு அவன் ஊதாவில் கண்ணிமை வைத்திருந்தான். நான்தான் அழித்திருந்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு ஒரே விதி: வண்ணத்தைத் தொடமாட்டோம். கடைசியில் அடர்நிறத்தில் வெளிக்கோடு மட்டும் இழுப்போம். கோடு கொஞ்சம் தடிமனாக இருந்தால் பிசிறுகள் அடங்கிவிடும். மக்கள் தீட்டும்படி கோடு போடத் தெரிவதுதான் நம் திறமை. கண், விரல் போன்ற நுணுக்கமான இடங்களை முதலிலேயே உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம், இளைஞர் குழு: எந்த மாதம் நல்லது? சுவரை எப்படித் தயார் செய்வது?

உங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. சுவர் நன்றாகக் காய்ந்தபின், ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். புதிய சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாளாவது ஆற வேண்டும். உப்புப் பூத்த சுவரில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல் தீட்டினால் ஓவியம் பொருக்கு பொருக்காக உதிரும். பழைய சுண்ணாம்புச் சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். அதில் பொடி வந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

பழைய எனாமல் பூச்சைப் பிள்ளைகளைச் சுரண்ட விடவே கூடாது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சைப் பெரியவர்கள் முகக்கவசம் போட்டு, நனைத்துச் சுரண்டட்டும்.

சேலம்: அனுமதி வேண்டுமா?

வேண்டும், எழுத்தில். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது. சுவர் யாருடையதோ அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மதுரை வாசகர்: தெய்வப் படங்கள் வரைந்தால் சுவரை யாரும் அசுத்தம் செய்ய மாட்டார்களே?

நான் வரைய மாட்டேன் ஐயா. அங்கே தேவைப்படுவது கழிப்பறையும் தெருவிளக்கும். ஒரு சமயத்தின் படம் வந்துவிட்டால், தூரிகையை எடுக்கத் தயங்கி நிற்பவர்கள் அந்தத் தெருவிலேயே இருப்பார்கள்.

திருச்சி: எதை வரைவது என்பதிலேயே சண்டை வருகிறது. தலைவர் படம் வேண்டும் என்கிறார்கள்.

‘என்ன வரையலாம்?’ என்று கேட்டால் சண்டைதான் வரும். ‘இந்தத் தெருவில் முன்பு இருந்து இப்போது இல்லாதது எது?’ என்று கேளுங்கள். கிணறு, புன்னை மரம், குதிரை வண்டி நிறுத்தம் என்று ஒவ்வொன்றாக வரும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூடி பாகா என்ற ஓவியர் 1976 முதல் 1983 வரை, ஐந்து கோடைகளில், வெள்ளக் கால்வாய்ச் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு ஓவியம் தீட்டினார். கூடத் தீட்டியவர்கள் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள். கலிபோர்னியாவின் வரலாற்றில் விடுபட்டுப்போன மக்களின் கதைதான் அந்தச் சுவர் முழுக்க.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தாதி: என்னைப் போன்ற முதியவர்கள் கலந்துகொள்ள முடியுமா?

கட்டாயம் வாருங்கள் அம்மா. ஏற்பாடு செய்பவர்களுக்குச் சொல்கிறேன்: நிழலில் நான்கு நாற்காலி, குடிதண்ணீர், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் இரண்டடி அகலப் பட்டை ஒன்று. கிழக்குப் பார்த்த சுவரானால் நேரத்தை மாலைக்கு வையுங்கள். வெயில் காயும் சுவரில் வண்ணம் உடனே உலர்ந்து தூரிகை இழுக்காது.

ஒரு சந்தைச் சுவரில் பூக்காரப் பாட்டி ஒருவர் மூன்று நாள் எட்ட நின்றே பார்த்தார். கை நடுங்கும், தூரிகை நிற்காது என்றார். கொட்டாங்கச்சியில் சிவப்பைக் கொடுத்து, “குங்குமம் வைப்பது போல விரலாலேயே வையுங்கள்” என்றேன். மோதிர விரலைத் தோய்த்து, கனகாம்பரச் செடி முழுவதும் பொட்டுப் பொட்டாக வைத்தார். இப்போது கடை விரிப்பதும் அந்தச் செடிக்குக் கீழேதான்.