பின் பெஞ்ச் எம்.பி.யும் ரெண்டு நிமிஷ வீடியோவும்

கேள்வி: ஆசிரியர் சார், வாட்ஸ்அப்ல ஒரு பக்கம் 'எங்க எம்.பி. பார்லிமென்ட்டையே அதிர வச்சார்'னு வீடியோ, இன்னொரு பக்கம் 'கடைசி வரிசையில தூங்கறதுக்கா ஓட்டு போட்டோம்'னு மீம்ஸ். அமைச்சரும் இல்லாம கட்சித் தலைவரும் இல்லாம பின் வரிசையில உட்கார்ந்திருக்கற ஒருத்தர் நாட்டு விஷயமோ நம்ம ஊர் விஷயமோ பேசி என்னதான் ஆகப்போகுது? பேசவே நேரம் தரமாட்டாங்களாமே? கடலூர், புதுச்சேரி எம்.பி.க்கு எல்லாம் நீங்க எத்தனை மார்க் போடுவீங்க? பி.கு.: பேரனுக்கு கேந்திரிய வித்யாலயா சீட்டுக்கு எம்.பி. லெட்டர் வாங்க யாரைப் பார்க்கணும்?
— ஒரு வாசகர், திருப்பாப்புலியூர்

பதில்: பி.கு.வுலருந்தே வர்றேன், ஏன்னா உங்க மனசு அங்கதான் இருக்குன்னு தெரியுது. யாரையும் பார்க்க வேண்டாம் சார், ஒரு எம்.பி. 10 பிள்ளைங்களுக்கு சிபாரிசு பண்ணலாம்னு இருந்த அந்த கோட்டாவை 2022-லயே தூக்கிட்டாங்க. மார்க்கும் நான் போடப்போறதில்ல, அது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நீங்க போடறது. ஆனா எதைப் பார்த்து போடறீங்கன்னு ஒரு சண்டை உங்களோட பாக்கி இருக்கு.

போன வாரம் மஞ்சக்குப்பத்துல டீ குடிச்சிட்டு இருந்தேன், பக்கத்துல ஒரு தம்பி போனை நீட்டி 'பாருங்க சார், என்னா பேச்சு'ன்னார். நம்ம மாவட்ட எம்.பி. இல்ல, வேற ஊர்க்காரர். எங்க ஊர் ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸ் வண்டி நிக்கணும்னு கையை ஆட்டி பேசறார், பின்னாடி படத்துல ஹீரோ என்ட்ரி கொடுக்கற மாதிரி மியூசிக், கேமராவுல தெரியணும்னே ரெண்டு பேர் நெருக்கி வந்து பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்குப் பின்னாடி பெஞ்சு பூரா காலி. நாற்பது செகண்ட்ல வீடியோ முடிஞ்சது. நான் கேட்டேன், 'சரி தம்பி, அமைச்சர் என்ன பதில் சொன்னார்?' தம்பி திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, 'அது இதுல வரல சார்'.

அது எதுலயும் வராது. அந்த எம்.பி. பேசினது ஜீரோ அவர்ல. ஜீரோ அவர் கேள்வி நேரம் முடிஞ்சு லோக்சபாவுல மதியம் 12 மணி வாக்குல ஆரம்பிக்கும், காலையில 10 மணிக்குள்ள எழுதிக் கொடுத்து குலுக்கல்ல பேர் வந்தா ரெண்டு மூணு நிமிஷம் பேசலாம், மணி அடிச்சதும் மைக் அடுத்த ஆளுக்குப் போயிடும், அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாகணும்னு கட்டாயம் கிடையாது. விதி 377-னு இன்னொண்ணு இருக்கு, 250 வார்த்தைக்குள்ள தொகுதி பிரச்சனையை எழுதி வாசிக்கலாம், நேரம் இல்லன்னா வாசிச்சதா வச்சுக்கங்கன்னு மேஜையில வச்சுட்டுப் போறதும் நடக்கும். இதுக்காவது அந்த துறையிலருந்து பின்னாடி ஒரு கடுதாசி வரணும். ரெண்டுமே வேணும், வேண்டாம்னு சொல்லல, ஊர்ல தீ பிடிச்சா கத்தத்தான் வேணும். ஆனா வருஷம் பூரா கத்தினது மட்டும்தான் கணக்குல இருக்குன்னா அந்த ஆள் நம்மளைப் பார்த்து பேசிட்டு இருக்கார், அரசாங்கத்தைப் பார்த்து பேசல.

நேரம் தரமாட்டாங்களாமேன்னு கேட்டீங்க பாருங்க, அதுல பாதிதான் நிஜம். பட்ஜெட் விவாதம், மசோதா விவாதம்னா கட்சி பலத்துக்கு தகுந்த மாதிரி நிமிஷம் பிரிப்பாங்க, யார் பேசறதுன்னு கட்சி லிஸ்ட் கொடுக்கும், அதுல பின் பெஞ்ச் ஆளுக்கு சாப்பாட்டு வேளையில அஞ்சு நிமிஷம் கிடைச்சா பெரிசு, ஒத்துக்கறேன். கேள்வி நேரத்துக்கு அந்த சாக்கு செல்லாது. அமைச்சர் சபையில நேர்ல பதில் சொல்ற நட்சத்திரக் குறி போட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20, எழுத்துல மட்டும் பதில் வர்ற கேள்வி 230, எல்லாத்துக்கும் 15 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுத்து குலுக்கல்ல வரணும், முன் வரிசை பின் வரிசைன்னு குலுக்கல் சீட்டுக்குத் தெரியாது. கொறடா உத்தரவு இருக்கே, கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல வந்துச்சே, கட்சிக்கு விரோதமா ஏதாவது பண்ணினா பதவி போயிடுமேன்னா, அந்த கொறடா பிடிக்கறது ஓட்டுப் போடறதைத்தான், ரயில்வேகிட்ட கணக்கு கேட்டான்னு யார் பதவியும் போனதில்ல.

ஆளுங்கட்சியில உட்கார்ந்துக்கிட்டே கேட்டவர் இருக்கார். ஃபெரோஸ் காந்தி. அமைச்சர் பதவி எதுவும் கிடையாது, ரேபரேலி எம்.பி., பிரதமர் நேருவுக்கு மருமகன் வேற. எல்.ஐ.சி. அரசாங்கத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகாத நேரத்துல தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவோட கம்பெனி பங்குகள்ல சுமார் 1.25 கோடி ரூபா போட்ட விஷயத்தை 1957 டிசம்பர்ல எடுத்து, தேதியும் விலையுமா அடுக்கி வச்சுக் கேட்டார். சாக்லா கமிஷன் விசாரணை வந்துச்சு, 1958 பிப்ரவரியில நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா பண்ணினார். சொந்தக் கட்சி அமைச்சர் சார்! பின் பெஞ்சுல உட்கார்ந்தா கையில ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் படிக்கணும்.

எல்லாரும் ஃபெரோஸ் காந்தி ஆகணும்னு சொல்லல. நம்ம ஊர் ஸ்டாப்பிங் விஷயத்துக்கே வாங்க. 'திருப்பாப்புலியூர்ல வண்டி நிறுத்துவீங்களா?'ன்னு கேட்டா ரயில்வே பதில் கேக்கறதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கும்: ஸ்டாப்பிங் கொடுக்கறது தொடர் நடவடிக்கை, இயக்க வசதி, பயணிகள் எண்ணிக்கை எல்லாம் பார்த்து முடிவு செய்யப்படும். அவ்வளவுதான், கேள்வியோட மத்த உட்பிரிவுக்கெல்லாம் '(ஆ) முதல் (ஈ) வரை எழவில்லை'ன்னு முடிச்சுடுவாங்க. அதே ஆள் கேள்வியைத் திருப்பிப் போட்டு, இந்த ஸ்டேஷன்ல கடந்த மூணு வருஷம் தினமும் சராசரியா எத்தனை டிக்கெட் வித்துச்சு, வருமானம் எவ்வளவு, ஸ்டாப்பிங் கொடுக்க எவ்வளவு வரணும்னு விதி வச்சிருக்கீங்க, இதே விழுப்புரம் மயிலாடுதுறை ரூட்ல அதைவிட கம்மியா விக்கற ஸ்டேஷன்ல அந்த வண்டி நிக்குதான்னு கேட்டார்னா? நம்பர் எழுதிக் கொடுத்தே ஆகணும். ஒரு தடவை அச்சுல வந்துட்டா அந்த நம்பரை வச்சு நாம கேக்கலாம், பேப்பர்காரன் கேக்கலாம், கோர்ட்டுக்குக்கூட போகலாம். மகாபலிபுரம் புதுச்சேரி வழியா கடலூருக்கு புது ரயில் பாதைன்னு காலேஜ் முடிச்சவன் கல்யாணம் ஆகி பிள்ளை பெத்த வரைக்கும் கேட்டாச்சு, அந்த பாதைக்கு பட்ஜெட்ல வெறும் ஆயிரம் ரூபா டோக்கன் ஒதுக்கீடு போட்டதை நாம கண்டுபிடிச்சதே இப்படி அச்சுல வந்த காகிதத்துலருந்துதான், வீடியோவுலருந்து இல்ல.

கேள்வியை எந்த வாசல்ல தட்டணும்னு தெரியறதும் பாதி வேலை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறி, அப்புறம் தென்பெண்ணையில வெள்ளம் வந்து நம்ம தெருவெல்லாம் மிதந்தப்ப, சாத்தனூர் அணையை ஏன் அப்படித் திறந்தாங்கன்னு டெல்லியில கேட்டா அது மாநில விஷயம்னு ஒரே வரியில திருப்பி அனுப்பிடுவாங்க, அதைக் கேக்க வேண்டியது சட்டசபையில. டெல்லியில கேக்க வேண்டியது நிவாரணத்துக்கு மாநிலம் எவ்வளவு கேட்டுச்சு, நீங்க எவ்வளவு கொடுத்தீங்கன்னு. சிப்காட் தொழிற்பேட்டையும் அதே கதைதான், இடம் மாநிலத்தோடது, ஆனா 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசுக் கணக்குல கடலூருக்கு 77.45, எழுபதைத் தாண்டினாலே ரொம்ப மோசம்னு அர்த்தம், அந்த மார்க்கைப் போட்டது மத்திய வாரியம்ங்கறதால கேள்வி டெல்லிக்குப் போகலாம். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் என்.எல்.சி. முழுக்க மத்திய நிலக்கரி அமைச்சகத்தோடது. 2023 ஜூலையில வளையமாதேவியில கதிர் வர்ற பயிர் மேல பொக்லைனை ஓட்டினாங்களே, எத்தனை ஏக்கர் எடுத்திருக்கீங்க, நிலம் கொடுத்தவன் வீட்டுல எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேர் கான்ட்ராக்ட்ல கிடக்கறாங்கன்னு கிராமம் கிராமமா பிரிச்சுக் கேக்கலாம். புதுச்சேரிக்கு இன்னும் வசதி, சட்டசபை இருந்தாலும் யூனியன் பிரதேசம், அதனால மத்திய உள்துறையைப் பிடிக்க வேண்டிய விஷயம் நிறைய. ஆனா அங்க லோக்சபா எம்.பி. ஒரே ஆள், காரைக்கால், கேரளா பக்கம் கிடக்கற மாஹே, ஆந்திரா பக்கம் கிடக்கற ஏனாம் எல்லாத்துக்கும் சேர்த்து அவர் ஒருத்தர்தான்.

இதுல யாரும் கவனிக்காத ஒரு சமாச்சாரம் சொல்றேன். அமைச்சர் பதில் சொல்றப்போ 'பரிசீலனையில் இருக்கிறது', 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்'னு சொல்லுவாரே, நாம உடனே 'வழக்கமான டபாய்ப்பு'ன்னு பேஜைத் திருப்பிடுவோம். ஆனா அந்த வாசகம்தான் பிடி. அதை வாக்குறுதின்னு தனியா எழுதி வச்சுக்கறதுக்கு லோக்சபாவுல அரசு உறுதிமொழிக் குழுன்னு 1953-லருந்து ஒண்ணு இருக்கு, மூணு மாசத்துல நிறைவேத்தணும், இல்லன்னா ஏன் இன்னும் இல்லன்னு துறையைக் கூப்பிட்டுக் கேக்கும். மூணு மாசம் மூணு வருஷமா இழுக்கறதும் உண்டுதான். இருந்தாலும் தான் வாங்கின வாக்குறுதியை டைரியில குறிச்சு வச்சு அடுத்த செஷன்ல 'அது என்னாச்சு?'ன்னு எழுதற எம்.பி.க்கும், வீடியோ ஏத்திட்டு மறந்துட்ட எம்.பி.க்கும் இருக்கற வித்தியாசம் எந்த ரேங்க் லிஸ்ட்லயும் வராது. ரேங்க் லிஸ்ட்ல வருகைப் பதிவு 90 சதவீதம்னு இருக்கும். ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டாத்தான் தினப்படி, போடாம இருப்பாரா?

அமைச்சரா இல்லாத எம்.பி. தானே கொண்டு வர்ற தனிநபர் மசோதான்னு ஒண்ணு இருக்கு, வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுப்பாங்க, பாதிப் பேர் ஊருக்கு கிளம்பியிருப்பாங்க. சுதந்திரம் வாங்கினதுலருந்து சட்டமா ஆனதே 14-தான், கடைசி 1970-ல. ஆனா திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கு திருச்சி சிவா கொண்டு வந்த மசோதா 2015 ஏப்ரல்ல ராஜ்யசபாவுல பாஸ் ஆச்சு, லோக்சபாவுல நின்னு போச்சு, அதுக்கப்புறம்தான் அரசாங்கமே தன் பேர்ல ஒரு மசோதா எடுத்துட்டு வந்து 2019-ல சட்டம் ஆக்குச்சு. அந்த சட்டத்து மேல திருநங்கையர்களுக்கே ஆயிரம் கோபம் இருக்கு, அதுவும் நிஜம். கூவாகம் நமக்கு எட்டற தூரம்தான், ஒரு நடை போனா அவங்களே சொல்லுவாங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேன். எம்.பி. ஊருக்கு வந்தா நாம கேக்கறது என்ன? காதுகுத்துக்கு வாங்க, டிரான்ஸ்ஃபருக்கு லெட்டர், தெருவுல ஹைமாஸ் லைட்டு, நகராட்சி போட வேண்டிய சாக்கடை. அவர் வீட்டு வாசல்ல நிக்கற நூறு பேர்ல 'இந்த செஷன்ல என்ன கேள்வி போட்டிருக்கீங்க?'ன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல. கேள்வியும் பதிலும் பார்லிமென்ட் வெப்சைட்ல எம்.பி. பேர் போட்டா வரிசையா வருது, காசு கிடையாது, உங்க பேரனே எடுத்துக் கொடுப்பான்.

மார்க் நீங்களே போட்டுக்கலாம், அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. உங்க ஸ்டேஷன்ல நிக்காம போற வண்டி எதெது, நம்பரும் நேரமும் போட்டு ஒரு போஸ்ட்கார்டுல எனக்கு அனுப்புங்க. மேல சொன்ன ஸ்டாப்பிங் கேள்வியை (அ)லருந்து (ஈ) வரைக்கும் பிரிச்சு நான் எழுதி வச்சிருக்கேன், வண்டி நம்பர் எழுதற இடம் மட்டும் காலியா இருக்கு. 15 நாள் நோட்டீஸ் வேணும்ங்கறதால செஷன் தேதி வர்றதுக்கு முன்னாடியே கையில கொடுத்துடணும்.