ஏய்டன்ஸ்ஃபீல்டில் நின்றுபோன கடிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். அங்கே பிற்பகல்தோறும் ‘ஹார்ட்பீட்’ என்ற பழைய போலீஸ் தொடரின் மறுஒளிபரப்பைப் பார்த்து வந்தேன். பேச்சில் பாதி புரியவில்லை. குற்றங்களும் பெரும்பாலும் ஆட்டுத் திருட்டு அளவில்தான் இருந்தன. இருந்தும் என்னால் அதை விட முடியவில்லை. சென்னைக்குத் திரும்பிய பிறகும் அந்த ஊர் கண்ணிலேயே நிற்கிறது. இது எதனால்? – வாசகி, மயிலாப்பூர்

பதில்: அந்தத் தொடரில் குற்றம் ஒரு சாக்குதான், அம்மா. 1992 ஏப்ரலில் பிரிட்டனின் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் தொடங்கி 2010 செப்டம்பரில் முடிந்த அது, 18 பருவங்களில் 372 பகுதிகளாக ஓடியது. யார்க்ஷயர் மலைப்புறத்தில் ஏய்டன்ஸ்ஃபீல்ட் என்றொரு கற்பனைக் கிராமம், காலம் 1960கள். லண்டனில் வேலை பார்த்த நிக் ரோவன் என்ற இளம் கான்ஸ்டபிள், மருத்துவரான மனைவி கேட்டுடன், அவள் பிறந்து வளர்ந்த பகுதிக்கே குடிபெயர்வதில் கதை தொடங்குகிறது. தலைப்பின் முதல் பாதி மருத்துவரையும், இரண்டாம் பாதி காவலரின் ரோந்தையும் குறிக்கும் சொல்விளையாட்டு. நம் சென்னைக் காவல் நிலையங்களில் இன்றும் ‘பீட்’ என்ற சொல் புழங்குவதால் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கதைக்கு மூலம், வட யார்க்ஷயரில் உண்மையிலேயே காவலராக இருந்த பீட்டர் வாக்கர், நிக்கலஸ் ரீ என்ற புனைபெயரில் எழுதிய நூல்கள். கான்ஸ்டபிளுக்கு ஊரில் யார் வீட்டுக் கதவு எந்த நேரத்தில் திறந்திருக்கும், யாருக்கும் யாருக்கும் வரப்புச் சண்டை என்பதெல்லாம் தெரிந்திருப்பதும், விசாரணையில் பாதி அந்த அறிவாலேயே முடிந்துவிடுவதும் அங்கிருந்து வந்தவையே.

ஆனால் உங்களைக் கட்டிப்போட்டது கதாநாயகன் அல்ல என்பது என் ஊகம். அழுக்கேறிய நீளக் கோட்டும், ஆல்ஃபிரட் என்ற நாயுமாக அலையும் கிளாட் கிரீன்கிராஸ் என்ற கிழவரையும், அவரை எப்படியாவது ஒருநாள் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று ஏங்கும் சார்ஜென்ட் பிளேக்டனையும் நினைத்துப் பாருங்கள். பில் மேனார்ட், டெரெக் ஃபவுல்ட்ஸ் என்ற இரு நடிகர்களும் அந்தப் பகையை, இருபது வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கும் பங்காளிகளின் பகையைப் போல, ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்குப் பொழுதே போகாது என்று தோன்றும்படி நடித்தார்கள். எந்நேரமும் உதட்டில் சிகரெட்டும் மேசையில் காகிதக் கட்டுமாக உட்கார்ந்திருக்கும் ஆல்ஃப் வென்ட்ரெஸ், நம் ஸ்டேஷன் ரைட்டரின் தூரத்து உறவினர் என்றே எனக்குத் தோன்றும். மொழி புரியாவிட்டாலும் இவர்கள் புரிவார்கள்.

பாட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் பழைய பாடலை, நிக் ரோவனாக நடித்த நிக் பெரியே பாடி முகப்பில் வைத்தார். 1992இல் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. காட்சிக்குக் காட்சி அறுபதுகளின் பாடல்கள் பின்னணியில் வரும். டீக்கடை வானொலியில் இளையராஜா ஒலித்தால் நமக்கு எந்த வருடம் திரும்பி வருமோ, அவர்களுக்கு அந்த வருடம் வந்தது.

கேள்வி: பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தொடரில் வரும் நீராவி ரயிலும் நிலையமும் உண்மையா, செட்டா? – வாசகர், பெரம்பூர்

பதில்: நிலையம் உண்மை. ஏய்டன்ஸ்ஃபீல்டாக நடித்த ஊரின் பெயர் கோத்லண்ட். ஆனால் நீங்கள் ரசிக்கக்கூடிய ஒரு முரண் இதில் இருக்கிறது. பிரிட்டிஷ் ரயில்வேயில் நஷ்டமான கிளைப் பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் திட்டத்தின் காலத்தில், 1965இலேயே அந்தப் பாதை மூடப்பட்டுவிட்டது. பிறகு ஆர்வலர்கள் ஒன்றுகூடி அதை மீட்டு, 1973இல் பாரம்பரிய ரயில் பாதையாக மீண்டும் ஓட்டத் தொடங்கினார்கள். ஆக, அறுபதுகள் என்று நாம் பார்த்த புகை, அறுபதுகளை இழக்க மனமில்லாதவர்கள் பின்னால் மூட்டிய அடுப்பின் புகை. (ஹாரி பாட்டர் முதல் படத்தில் ஹாக்ஸ்மீட் நிலையமாக வருவதும் இதே கோத்லண்ட்தான். பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மதிப்பு கூடும்.)

காவல்துறைக்கும் இதே கதை. கிராமத்துக் காவலர் குடியிருப்பில் வாழ்ந்து, நடந்தே ரோந்து போகும் கான்ஸ்டபிள் அந்தப் பத்தாண்டில்தான் மறையத் தொடங்கினார். ரோந்துக் கார்கள் வந்தன. சிறிய காவல் படைகள் இணைக்கப்பட்டன. அந்த வட்டாரப் படைகளே 1968இல் ஒன்றாக்கப்பட்டன. தொடர் தன் காலத்தின் நடுவே நின்றுகொண்டு, அந்தக் காலம் முடிந்துகொண்டிருந்ததை மட்டும் சொல்லாமல் விட்டது.

கேள்வி: இவ்வளவு பிடித்த தொடரை ஏன் நிறுத்தினார்கள்? பணமா, கதைப் பஞ்சமா? – வாசகர், திருவான்மியூர்

பதில்: இரண்டும்தான், கதைப் பஞ்சம் முதலில் வந்தது. பத்தாண்டுகள் கொண்ட அறுபதுகளைப் பதினெட்டு ஆண்டுகள் ஓட்டினால் என்ன ஆகும்? நாட்காட்டி 1969இன் வாசலில் வந்து நின்றுவிட்டது. எழுபதுகளுக்குள் நுழைந்தால் வசீகரம் போய்விடும் என்ற பயத்தில் அதை நகர விடவில்லை. கேட் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். நிக் மறுமணம் செய்துகொண்டு கனடாவின் குதிரைப்படைக் காவலில் சேரப் போனார். அவருக்குப் பின் வந்த கான்ஸ்டபிள்கள் ஒவ்வொருவரும் நல்லவர்கள், அழகானவர்கள்; ஆனால் ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைத்தாலும் கதை மாறாது என்ற நிலை வந்தபோதே தொடர் தளர்ந்துவிட்டது என்பேன். கிரீன்கிராஸாக நடித்த மேனார்ட் உடல்நலம் குன்றி 2000இல் விலகியது அதைவிடப் பெரிய அடி. சில்லறைத் தில்லுமுல்லுக்காரர்களை அடுத்தடுத்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள்; சிரிப்பு வந்தது, பழைய பகை வரவில்லை. பிளேக்டனோ அதற்கு முன்பே சீருடையைக் கழற்றி, தபால் நிலையம் நடத்தி, பின்னர் மதுக்கடை முதலாளி ஆகியிருந்தார். துரத்தியவரும் ஓய்ந்தார், துரத்தப்பட்டவரும் போனார்.

பிறகு பணம். பழைய கார்களையும் உடைகளையும் காட்டும் தொடருக்குச் செலவு அதிகம். தொண்ணூறுகளில் ஞாயிறு இரவில் ஒரு கோடிக்கு மேல் இருந்த பார்வையாளர் கூட்டமும் கடைசியில் வெகுவாகக் குறைந்தது. எஞ்சியவர்களோ விளம்பரதாரர்கள் தேடிய இளவயதினர் அல்லர். விளம்பர வருவாய் சரிந்த 2009இல், ஒளிபரப்பாத பகுதிகள் கையிருப்பில் இருக்கும்போதே படப்பிடிப்பை நிறுத்தினார்கள். மருத்துவமனையைக் களமாகக் கொண்ட கிளைத் தொடரான ‘தி ராயல்’ 2011இல் முடிந்தது.

கேள்வி: தமிழில் இப்படி ஒரு தொடர் வருமா? – வாசகி, அடையாறு

பதில்: ஆட்கள் எல்லோரும் தயார்: ஏட்டு, ரைட்டர், கண்ணி வைத்து முயல் பிடிக்கும் கிழவர். தடை ஒன்றே. அரைக்கால் சட்டையும் உயரத் தொப்பியுமாக ஏட்டு சைக்கிளில் வந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் சிரிக்கவில்லை, வீட்டுக்குள் ஓடினோம். அந்த ஓட்டத்தையும் மறைக்காமல் எழுதத் துணிகிறவர் கிடைத்தால், முதல் பகுதிக்கு நான் பாய் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.