பாலைவனத்தில் நிற்கும் போர் விமானங்கள்: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பழைய ராணுவ விமானங்களை நிறுத்திவைக்கும் ‘போன்யார்ட்’ படங்களைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் பலர் விமானப்படையிலும் கடற்படையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

பி-52 குண்டுவீச்சு விமானம், எஃப்-4 பாண்டம் போர் விமானம் என்று உலகையே மிரட்டியவை வெட்டவெளியில் காய்கின்றன. ஒரு கூரைகூடப் போடாமல் துருப்பிடிக்க விடுவது அநியாயம் இல்லையா? (முன்னாள் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், தாம்பரம்)

கூரை போடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, ஐயா. அங்கே கூரைக்கு வேலை இல்லை. டூசான் நகரத்தை ஒட்டிய டேவிஸ்-மந்தான் விமானத்தளம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946-ல் பி-29 குண்டுவீச்சு விமானங்களையும் சி-47 சரக்கு விமானங்களையும் கொண்டுவந்து நிறுத்தியதில் தொடங்கியது. இன்று சுமார் 2,600 ஏக்கர். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை என்றால் அங்கே 280 மி.மீ.யைச் சுற்றித்தான். காற்றில் ஈரம் குறைவு, உப்பு இல்லை. தரையும் சுண்ணாம்பு கலந்து இறுகிய மண், ‘கலீச்சே’ என்பார்கள். கான்கிரீட் போடாமலே கனமான விமானத்தை அதன்மேல் இழுத்துப் போகலாம், சக்கரம் புதையாது.

இன்னொன்று: அங்கே நிற்பவை எல்லாம் ஒரே கதி அடைந்தவை அல்ல. கிடங்கை நடத்தும் 309-வது படைப்பிரிவு விமானங்களை நான்கு வகையாகப் பிரித்துவைக்கிறது. டைப் 1000 என்றால் மீண்டும் பறக்க வேண்டியிருக்கலாம், ஒரு பாகத்தையும் தொடக்கூடாது. டைப் 2000-ல் இருந்து பாகம் பாகமாகக் கழற்றிப் பறக்கும் விமானங்களுக்கு அனுப்பலாம். டைப் 3000 கொஞ்ச நாள் காத்திருப்பு. அவ்வப்போது என்ஜினை ஓட்டிப் பார்ப்பார்கள். டைப் 4000-தான் விற்பனைக்கு, அதாவது காயலான் கடைக்கு. மூக்கு இல்லாமல், இறக்கை இல்லாமல் படங்களில் நிற்பவை பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது வகை. மனசைக் கனக்கச் செய்யும் படங்கள் அவைதான், சந்தேகமில்லை. ஆனால் அவற்றின் இறக்கையோ பம்போ இன்னொரு விமானத்தில் பறந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

சில விமானங்களின் மேற்பகுதி முழுக்க வெள்ளைப் பூச்சாக இருக்கிறதே, அது என்ன? (கோவை)

அது பெயின்ட் இல்லை, உரித்து எடுக்கக்கூடிய வினைல் பூச்சு. ஆனால் அது கடைசி வேலை. விமானம் வந்து இறங்கியதும் முதலில் பீரங்கியையும், விமானியை வெளியே தூக்கி வீசும் இருக்கையின் வெடிமருந்துக் குழல்களையும், ரகசியக் கருவிகளையும் கழற்றுவார்கள். பிறகு நன்னீரில் கழுவுவது. கடற்படை விமானமாக இருந்தால் இதில் கூடுதல் அக்கறை. தகட்டு இடுக்கில் தங்கிய உப்பு பாலைவனத்திலும் தன் வேலையைக் காட்டும்.

அடுத்தது எரிபொருள் அமைப்பு. டேங்கில் இருப்பதை வடித்துவிட்டு, ‘1010’ என்ற மெல்லிய எண்ணெயை டேங்க், குழாய், பம்ப் எல்லாவற்றிலும் ஓடவிட்டு அதையும் வடித்துவிடுவார்கள். உள்ளே ஒட்டி நிற்கும் எண்ணெய்ப் படலம் போதும். வெறுமனே காலி செய்துவிட்டால் ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கும், உலோகத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும்.

அப்புறம்தான் அடைப்பது. காற்று உள்வாங்கி, புகைபோக்கி, கண்ணாடி மூடியின் விளிம்பு, பேனல் இடைவெளி என்று எல்லாவற்றையும் தடித்த காகிதமும் டேப்பும் வைத்து மூடி, அதன்மேல் முதலில் கறுப்பு அடுக்கு, பிறகு வெள்ளை அடுக்கு அடிப்பார்கள். தூசி, பூச்சி, பறவை உள்ளே போகாமல் இருக்க இது உதவும். முக்கியமான வேலை வெயிலைத் திருப்பி அனுப்புவது. பூச்சு இருந்தால் உள்வெப்பம் வெளி வெப்பத்தைவிட 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரைதான் கூடும். இல்லாவிட்டால் காக்பிட் அடுப்பாகிவிடும்; வயர் உறையும் கண்ணாடி மூடியும் தாங்காது. அடிப்பகுதியை மட்டும் முழுசாக அடைக்கமாட்டார்கள். அங்கேயும் அடைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழி இல்லாமல் உடம்பை உள்ளிருந்தே தின்னும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இப்படிப் பத்து வருஷம் நின்ற விமானம் நிஜமாகவே மறுபடி பறக்குமா? (திருச்சி)

பறந்திருக்கிறது. ‘கோஸ்ட் ரைடர்’ என்ற பி-52எச் 2008-ல் அங்கே போய் 2015-ல் வெளியே வந்தது. ‘வைஸ் கை’ என்ற இன்னொன்று அதே 2008-ல் போய் 2019-ல் வந்தது. 2016-ல் குவாம் தீவில் ஒரு பி-52 ஓடுபாதையில் விபத்துக்குள்ளாகி எரிந்துபோனது. விமானப்படை வைத்திருக்க வேண்டிய 76 பி-52 என்ற எண்ணிக்கையை நிரப்ப வைஸ் கையை எழுப்பினார்கள். வைஸ் கையின் காக்பிட்டில் ஒரு கையெழுத்துக் குறிப்பு இருந்தது. கடைசியாகக் கொண்டுவந்து விட்டவர்கள் எழுதிவைத்தது: பனிப்போரின் இருண்ட நாட்களிலிருந்து காவல் நின்ற விமானம் இது, மீண்டும் தேவைப்படும்வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

இப்படி எழுப்பும்போது முதலில் கை கொடுக்காதது உலோகம் இல்லை, ரப்பர். டயர், எரிபொருள் ஹோஸ், ஹைட்ராலிக் சீல், டேங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் பை எல்லாம் வெயிலிலும் ஓசோனிலும் வெடிப்பு விட்டிருக்கும். கண்ணால் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிட முடியாது. அழுத்தம் ஏற்றியதும் கசியும். அதனால் ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட மொத்தமாக மாற்றுவதே புத்திசாலித்தனம். அடுத்த சந்தேகம் சக்கரக் கால்களின் உயர்வலு எஃகு. ஒரே எடையில் வருஷக்கணக்கில் நின்றதில் நுண்விரிசல் விட்டிருக்கலாம். அதைக் காந்தத்துகள் சோதனை போன்றவற்றில்தான் கண்டுபிடிக்க முடியும்.

எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் பாண்டம் மெக்கானிக்காக இருந்தவர். தான் பார்த்துக்கொண்ட விமானம் எங்கே இருக்கிறது என்று தேட ஆசைப்படுகிறார். எப்படி உதவலாம்? (சாண்ட்லர், அரிசோனா)

முதலில் அவரிடம் வால் எண்ணைக் கேளுங்கள். அந்தக் காலத்துப் பாண்டம் வாலில் சிறிய எழுத்தில் ஏ.எஃப்., அதன்கீழ் 66 போன்ற இரண்டு இலக்கம், பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் ஆர்டர் கொடுத்த நிதியாண்டு. பெரிய மூன்று இலக்கம் தொடர் எண்ணின் கடைசிப் பகுதி மட்டுமே. அவருக்கு ஞாபகம் இருப்பது அந்த மூன்றாக மட்டும் இருந்தால் பல விமானங்கள் பொருந்தும்; ஆண்டும், எந்த ஸ்குவாட்ரன், எந்தத் தளம் என்பதும் வேண்டும். கடற்படைப் பாண்டமாக இருந்தால் உடம்பின் பின்பகுதியில் எழுதிய ஆறு இலக்க எண் தேவை. முழு எண் கிடைத்துவிட்டால் அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் உள்ள விமானப்படை வரலாற்று ஆய்வகத்துக்கு எழுதலாம். ஒவ்வொரு விமானத்துக்குமான பதிவு அட்டைகள் அங்கே உண்டு. கடற்படை விமானங்கள் அதில் வராது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவையுங்கள். மொத்தம் 5,195 பாண்டம் தயாரானது. கிடங்குக்கு வந்தவற்றில் நூற்றுக்கணக்கானவற்றை மீண்டும் எழுப்பி, ஆளில்லா இலக்குகளாக மாற்றி, ஏவுகணைப் பயிற்சியில் சுட்டு வீழ்த்தினார்கள். அந்த வரிசையின் கடைசிப் பறப்பு 2016 டிசம்பர் 21-ல் நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளத்தில் நடந்தது. மூலையில் மக்கிப்போவதைவிட ஆகாயத்தில் போவதே மேல் என்று நினைக்கும் மெக்கானிக்குகளும் உண்டு, அப்படி நினைக்க முடியாதவர்களும் உண்டு. பெரியவர் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பேசுங்கள்.

பேச்சை ஆரம்பிக்க வழி வேண்டுமானால், பின்சீட்டுக்கு அடியில் இருந்த ரேடியோவைப் பற்றிக் கேளுங்கள். ரேடியோ பழுதானால் அதை எடுக்க இருக்கையையே, வெடிமருந்தோடு கூடிய அந்த முழு இருக்கையையே, முதலில் தூக்க வேண்டும். இதைத் திட்டாத பாண்டம் மெக்கானிக் இருக்க முடியாது. புகையைப் பற்றியும் சொல்வார். பாண்டத்தின் ஜே-79 என்ஜின் சாதாரண வேகத்தில் மைல் கணக்கில் தெரியும் கறுப்புப் புகை விடும். என்ஜினின் பின்பக்கத்தில் கூடுதல் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் புகை மறையும். எதிரி கண்ணில் படாமலிருக்க ஒரு என்ஜினைக் குறைத்து, மற்றொன்றில் லேசாக ஆஃப்டர்பர்னர் போட்டுப் பறந்த விமானிகள் உண்டு.

தளம் இன்றும் இயங்கும் ராணுவத் தளம் என்பதால் நேராகப் போய் நுழைய முடியாது. அதை ஒட்டியே பீமா விமான அருங்காட்சியகம் இருக்கிறது. சுமார் 400 விமானங்கள், பாண்டமும் உண்டு. சாண்ட்லரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோடையில் வேண்டாம்.

எஃப்-14 டாம்கேட் போர் விமானத்தை மட்டும் ஏன் தேடித் தேடி நசுக்கினார்கள்? (மதுரை)

ஈரான்தான் காரணம். 1979 புரட்சிக்கு முன் அந்த நாட்டு மன்னர் ஷாவின் ஆட்சிக்கு 79 டாம்கேட் விற்றிருந்தார்கள். அமெரிக்கக் கடற்படை 2006 செப்டம்பரில் ஓய்வு கொடுத்தபின் உலகில் அதை வைத்திருந்த ஒரே நாடு ஈரான்தான். கழற்றிய ஒரு வால்வுகூடச் சுற்றிவளைத்து அங்கே போய்ச் சேரும் என்ற பயத்தில் 2007 முதல் அரவை எந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கினார்கள். அருங்காட்சியகங்களுக்குப் போனவை தப்பின.

பி-52-களைக் கத்தி போட்டு வெட்டினார்கள் என்பது உண்மையா? (சேலம்)

உண்மை. சோவியத்துடன் செய்த ஆயுதக் குறைப்பு ஒப்பந்தப்படி 365 பி-52. கிரேனில் ஏறக்குறைய 6 டன் எடையுள்ள எஃகுக் கத்தியைத் தூக்கி மேலிருந்து போட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து துண்டாக்கினார்கள். ரஷ்யச் செயற்கைக்கோள்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று துண்டுகளை 90 நாள் அப்படியே கிடக்கவிட்டார்கள்.

அரக்கோணம் ராஜாளித் தளத்தில் நாங்கள் பராமரித்த டியு-142 ஜெட், கடலுக்கு மேல் ரோந்து போன கடற்படை விமானம், இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கிறது. கடல் காற்றைத் தாங்குமா? எங்கள் ஊர்க் கல்லூரியும் ஒரு பழைய மிக் விமானம் கேட்டிருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? (முன்னாள் கடற்படை வீரர், அரக்கோணம்)

டியு-142 கறாராகச் சொன்னால் ஜெட் இல்லை, காற்றாடியைச் சுழற்றும் நான்கு டர்போப்ராப் என்ஜின் கொண்டது. ஆனால் அரக்கோணத்துக்காரர்களிடம் அதைச் சொல்லிச் சண்டை போட நமக்குத் தைரியம் இல்லை. 2017 மார்ச் 29-ல் ராஜாளியில் விடைபெற்று, அதே டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் காட்சிக்கு வந்தது. அரிசோனாவில் இருக்கும் சாதகம் ஒன்றுகூட அங்கே இல்லை. உப்பு, ஈரம், புயல் மூன்றும் உண்டு. விடாமல் கழுவிப் பூசினால் தாங்கும், ஒரு வருஷம் விட்டால் தெரிந்துவிடும்.

கல்லூரிக்கு விமானம் வருவதற்கு முன்பே, இருக்கை வெடிகுழல்களும் கண்ணாடி மூடியைத் தூக்கியெறியும் குழல்களும் அகற்றப்பட்டதற்கு எழுத்துச் சான்று வாங்கச் சொல்லுங்கள். சக்கரக் காலுக்குள் அழுத்திய நைட்ரஜன் இருக்கும். உள்ளூர் மெக்கானிக்கை விட்டு நட்டைக் கழற்றக் கூடாது. சக்கர ரிம் இரண்டு பாதிகளை போல்ட்டில் இணைத்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டைத் தொட்டால் ஆளைக் கொன்றுவிடும்.

நிறுத்தும்போது ஜாக் வைக்கும் இடங்களில் தாங்கி கொடுத்து டயரைத் தரையிலிருந்து ஒரு விரல்கடை தூக்கிவிட வேண்டும். தாங்கி சாதா இரும்பு, விமானம் அலுமினியம். இரண்டும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். நடுவே 6 மி.மீ. நியோப்ரீன் ரப்பர் தகடு வையுங்கள். வண்டியில் ஏற்ற இறக்கையைக் கழற்றியிருந்தால், மீண்டும் பூட்டும்போது எல்லா போல்ட்டிலும் சீலன்ட் தடவ வேண்டும். கவனிக்காமல் விடுவது வடிகால் துளைகள். விமானம் தன் சக்கரக் கால்களில் வழக்கமாக நிற்கும் கோணத்தில் தண்ணீர் தானே வடியும். காட்சிக்காகக் கோணத்தை மாற்றி நிறுத்தினால் புதுப் பள்ளங்களில் தேங்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எங்கே நிற்கிறது என்று பார்த்து, கட்டமைப்பு விட்டங்களைத் தவிர்த்து, தகட்டில் 6 மி.மீ. துளை போடலாம். காற்று உள்வாங்கியை 12 மி.மீ. கண்ணி வலையால் மூடுங்கள். புறா எச்சம் அமிலம். ஒரு கூடு கட்டினால் போதும்.

கழுவுவது கடலோரத்தில் மாதம் ஒருமுறை, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மிதமான சோப்பு, நிறைய நன்னீர். பிரஷர் வாஷர் வேண்டாம், சீல் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும். பெயின்ட் உப்பிய இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் நம்மூரில் வழக்கமாக நடக்கும் தப்பு. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த மழைக்கே அரிப்பைத் தொடங்கும். அலுமினியம் ஆக்சைடு நைலான் பேட் வாங்குங்கள். பழைய பிரைமரில் குரோமியம் இருக்கும், அந்தத் தூசி விஷம். நனைத்துத் தேய்க்க வேண்டும், முகமூடியோடு. பிறகு எபாக்சி பிரைமர், அதன்மேல் பாலியூரித்தேன். கண்ணாடி மூடி என்பது உண்மையில் அக்ரிலிக் பிளாஸ்டிக்; அதைத் தின்னரோ அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமோ போட்டுத் துடைத்தால் வலைபோல் விரிசல் விடும். சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும். மேலே நீலத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். வெள்ளைக் கேன்வாஸைத் தளர்வாகப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் ஆளும் பணமும் ஒதுக்க முடியாத கல்லூரி என்றால் விமானம் கேட்காமலிருப்பது நல்லது. நுழைவாயிலில் ஐந்து வருஷத்தில் சாயம் போய், கூடு கட்டி நிற்கும் மிக்கைப் பார்ப்பதைவிட அரிசோனா எவ்வளவோ மேல்.

பழைய காக்பிட் கடிகாரம், டயல் எல்லாம் இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா? (புதுச்சேரி)

வாங்கலாம், திறக்கக் கூடாது. பழைய அமெரிக்க, சோவியத் டயல்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த சாயம் பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் ரேடியம் அப்படியேதான் இருக்கும். அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி உடைந்தது, சாயம் பொடியாக உதிர்வது என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆசைக்கு ஒன்று வேண்டுமென்றால் வால் எண் பொறித்த தகட்டுத் துண்டுச் சாவிக்கொத்து கிடைக்கிறது, அது போதும்.