கேள்வி – பதில்: விண்வெளி உணவும் விபத்துகள் தந்த பாடமும்

கேள்வி: விண்வெளி வீரர்களுக்கு ரொட்டி கொடுப்பதைத் தவிர்க்கிறார்களே, அதில் அப்படி என்ன ஆபத்து?

பதில்: ஆபத்து ரொட்டியில் இல்லை, அதிலிருந்து உதிரும் துகள்களில்தான் இருக்கிறது. எடையற்ற நிலையில் துகள் கீழே விழாது. மிதந்து சென்று கண்ணிலும் மூக்கிலும் கருவிகளின் இடுக்குகளிலும் புகுந்துவிடும். 1965 மார்ச் 23 அன்று ஜெமினி 3 கலத்தில், ஜான் யங் தம் உடைப்பையில் ஒளித்துக் கொண்டுபோன மாட்டிறைச்சி சாண்ட்விச்சை கஸ் கிரிஸ்ஸம் ஒரு கடி கடித்ததுமே அது உதிரத் தொடங்க, அவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தக் குறும்புக்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழு வரை கேள்வி எழுந்தது கொஞ்சம் அதிகப்படிதான். 1985-இல் மெக்சிகோ வீரர் ரொடால்ஃபோ நேரி வேலா எடுத்துச் சென்ற டார்ட்டிலா என்னும் மெல்லிய தட்டை ரொட்டி அவ்வளவாக உதிர்வதில்லை என்பதால் இன்றுவரை நிலைத்திருக்கிறது. உப்பை நீரில் கரைத்தும், மிளகுத்தூளை எண்ணெயில் கலந்தும் கொடுக்கிறார்கள்.

கேள்வி: அந்த உணவில் நோய்க்கிருமி இல்லை என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

பதில்: தயாரித்து முடித்த உணவைச் சோதித்துப் பார்ப்பதுதான் பழைய வழி. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி உறுதி வேண்டுமென்றால், தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே செலவாகிவிடும். வீரர்கள் உண்ண மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே 1960-களில் நாசாவுக்காகப் பணியாற்றிய பில்ஸ்பரி நிறுவனத்தின் ஹோவர்ட் பாமனும் அவருடன் உழைத்தவர்களும், மூலப்பொருள் முதல் பொதியல் வரை தீங்கு எந்தக் கட்டத்தில் நுழையக்கூடும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து அங்கேயே அதைத் தடுக்கும் முறையை வகுத்தார்கள். ஹெச்.ஏ.சி.சி.பி. என்ற பெயரில் உலகெங்கும் உணவுத் தொழிற்சாலைகள் பின்பற்றுவது இதைத்தான்.

கேள்வி: இத்தனை உயிர்களை இழந்த பிறகாவது விபத்துகளிலிருந்து பாடம் கற்றார்களா?

பதில்: இயந்திரங்களைப் பற்றிய பாடங்களை விரைவாகவே கற்றார்கள். 1967-இல் தூய ஆக்சிஜன் நிரம்பிய அப்போலோ 1 கலத்தில் தீப்பிடித்தபோது, உட்புறமாகத் திறக்கும் கதவை உள்ளழுத்தத்தால் திறக்க முடியாமல் கிரிஸ்ஸம் உள்ளிட்ட மூவர் இறந்தனர். அதன்பின் கதவு வெளிப்புறமாக விரைந்து திறக்கும்படி மாற்றப்பட்டது. 1971-இல் சோயுஸ் 11 கலத்தின் காற்று வெளியேறி மூவர் மாண்ட பிறகு, ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை அணிவது கட்டாயமாயிற்று.

கற்கக் கடினமானது, குறைக்குப் பழகிப்போகும் மனப்போக்கைப் பற்றிய பாடம். 1986-இல் சிதறிய சேலஞ்சர் விண்ணோடத்தின் உந்து ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்ததும், 2003-இல் சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைக்காப்புத் துண்டுகள் பெயர்ந்து விழுந்ததும் முந்தைய பயணங்களிலேயே கண்ணில் பட்டவைதான். கலம் பத்திரமாகத் திரும்பிய ஒவ்வொரு முறையும் அச்சம் சற்றுக் குறைந்தது.

என்னைப் பொறுத்தவரை இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, உயிரிழப்பில்லாத ஒரு நிகழ்ச்சி. 2013 ஜூலை 9 அன்று விண்நடை முடித்துத் திரும்பிய இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்ற விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் வெளியே சென்றபோது, பின்தலையில் திரண்ட நீர் முகத்தில் ஒட்டிப் படர்ந்து கண்ணையும் மூக்கையும் மூட, பாதுகாப்புக் கயிற்றைப் பற்றியே அவர் விண்வெளி நிலையத்தின் வாயிலை அடைய வேண்டியிருந்தது. நீரைப் பிரிக்கும் கருவியின் நுண்துளைகள் அடைத்துக்கொண்டதால் உடையைக் குளிர்விக்கும் நீர் காற்றோட்டப் பாதைக்குள் புகுந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதன்பின் கவசத்துக்குள் நீரை உறிஞ்சும் பட்டையும் மூச்சுக்குழலும் சேர்க்கப்பட்டன. 2022 மார்ச்சில் ஜெர்மானிய வீரர் மத்தியாஸ் மௌரரின் கவசத்துக்குள் மீண்டும் நீர் தென்பட்டபோது, காரணத்தை ஆராயும்வரை வழக்கமான விண்நடைகளை நாசா நிறுத்திவைத்தது.