பெரிய சாதனை எதுவும் இல்லாத மாணவர் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் எதை எழுதுவது?

பிளஸ் டூ படிக்கிறீர்கள், ஒலிம்பியாட் பதக்கம் இல்லை, தொண்டு அமைப்பு எதுவும் தொடங்கவில்லை, வாழ்க்கையில் பெரிய சோகமும் நேர்ந்ததில்லை, 650 சொற்களை எதைக் கொண்டு நிரப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில ஆசிரியர் என்பதால் ஆண்டுதோறும் மாணவர்கள் இந்தக் கட்டுரைகளை என்னிடம் காட்டுவதுண்டு. நிம்மதியாக இருங்கள், நீங்கள் சொல்லும் எதுவும் குறையே அல்ல.

சாதனைகளுக்கு வேறு இடம் இருக்கிறது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் இணையதளமான காமன் ஆப்பின் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை பட்டியலிடலாம், விருதுகளுக்கு ஐந்து இடங்கள் உண்டு. மதிப்பெண்களைப் பள்ளி அனுப்பிவிடும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தனியாகப் போய்விடும். இத்தனையையும் படித்த பிறகும் நீங்கள் எப்படி யோசிப்பவர் என்பது கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் கட்டுரை கேட்கிறார்கள். அதிலும் பட்டியலையே ஒப்பித்தால் கிடைத்த ஒரே வாய்ப்பும் வீணாகிவிடும்.

நம் பிள்ளைகளின் முதல் வரைவு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கிறது. அப்துல் கலாமின் மேற்கோள், சின்ன வயதுக் கனவு, கடைசியில் நாட்டுக்குச் சேவை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதியே மதிப்பெண் வாங்கிப் பழகிய கை வேறு எப்படி எழுதும்? பெயரை அழித்துவிட்டு அடுத்த பெஞ்சு மாணவரின் பெயரைப் போட்டாலும் கட்டுரை பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

என்னிடம் வந்த ஒரு மாணவரின் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகன் எழுதி வந்தது ரோபோட்டிக்ஸ் போட்டியைப் பற்றி. பேச்சுவாக்கில் கடையின் கடன் நோட்டைப் பற்றிச் சொன்னார். அப்பா பெயர் வாரியாகக் கணக்கு எழுதி, மாதக் கடைசியில் எல்லோரிடமும் பாக்கி கேட்பார். பாதிப் பேர் கையில் அன்றைக்குக் காசு இருக்காது. இரு தரப்புக்கும் சங்கடம். மகன் அந்த நோட்டைக் காசு வரும் நாளை வைத்துப் பிரித்து எழுதினார். கொத்தனார், சித்தாள்களுக்குச் சனிக்கிழமைப் பக்கம், மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் பணம் பட்டுவாடா ஆகும் நாள், ஓய்வூதியக்காரர்களுக்கு மாத முதல் வாரம். ஒரு பாட்டியின் பெயரை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுத முடியவில்லை. அவருக்கு வருமான நாள் என்று ஒன்று இல்லை. கடைசிப் பக்கத்தில் தேதி போடாமல் எழுதிவிடு என்றார் அப்பா. மகனுக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் இல்லை என்று அவர் எழுதிய பத்திதான் அந்தக் கட்டுரையின் உயிர். ரோபோட்டிக்ஸ் செயல்பாடுகள் பட்டியலில் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். யாரும் சொல்லாமலே நீங்கள் மாற்றி அமைத்த ஒரு வேலை, அப்பா அம்மாவோடு இன்னும் முடியாத ஒரு விவாதம், மனதைக் குடைந்துகொண்டே இருக்கும் ஒரு கேள்வி. காமன் ஆப் தரும் ஏழு தலைப்புகளில் கடைசித் தலைப்பு விருப்பம்போல் எதையும் எழுத அனுமதிக்கிறது, ஆகவே தலைப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சோகத்தைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். நோய், குடும்பச் சிக்கல் போன்றவற்றைச் சொல்ல விண்ணப்பத்தில் தனிப் பகுதியே இருக்கிறது.

அண்ணனும் மாமாவும் திருத்தித் திருத்திக் கட்டுரையை நாற்பது வயதுக்காரருடையதாக ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழையை யார் வேண்டுமானாலும் காட்டலாம், வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன் எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் விதிகள் மோசடி என்றே சொல்கின்றன.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்விகளில் நான்குக்குத் தலா 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். பிரிட்டனுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் இதே கட்டுரையை அனுப்பாதீர்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் தன் கட்டுரையை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறது, மொத்தம் 4,000 எழுத்துகள். அங்கே கேட்பது பாடத்தின் மீதான ஆர்வத்தையும் அதற்கான தயாரிப்பையும். கடன் நோட்டுக் கதை பொருளாதாரம் படிக்கப்போகிறவருக்கு வேண்டுமானால் கொஞ்சம் உதவும்.

காமன் ஆப் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டியே முடிவு கேட்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள், மற்றவர்களுக்கு ஜனவரித் தொடக்கம். ‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்று பல கல்லூரிகள் தனித்தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகள் டிசம்பரில்தான் குவியும், அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். அதனால் முதன்மைக் கட்டுரையைக் காலாண்டு விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள்.